பதினேழாம் நம்பர் சமையலறை

ஜெயம்மாவின் சமையலறையை யாரோ திருடிவிட்டார்கள்.

பாத்திரங்களை அல்ல, சமையலறையையே. ஆறு தகரம், முந்நூறு செங்கல், ஒரு அடுப்பு மேடை, ஒரு புகைக்கூண்டு. பேத்தமங்களாவில் தங்கைக்கு ஆபரேஷன் என்று மூன்று நாள் போய்விட்டுத் திரும்பியவள், சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான பாலகாட் லைனில் தன் பதினேழாம் நம்பர் வீட்டின் பின்கதவைத் திறந்தாள். சமையலறைக்குள் வைத்த கால் வெறும் மண்ணில் இறங்கியது.

“சமையல்காரி காணோம்னா கேஸ் எழுதலாம்மா. சமையல்கட்டு காணோம்னா எந்த செக்‌ஷன்ல எழுதறது?” என்று காவல் நிலைய எழுத்தர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

அப்படித்தான் வழக்கு ராபர்ட்சன்பேட்டையில் பேக்கரி மாடியிலிருந்த அமலா துப்பறியும் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. நிலையம் என்றால் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, கீழிருந்து ஓயாமல் ஏறிவரும் பன் வாசனை. அமலா பதினெட்டு வருஷம் விடியற்கால ரயிலில் பெங்களூர் போய்வந்து, ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் க்ளெய்ம்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள். உதவியாளன் விநாயக்குக்கு மூன்று வேலை. ஸ்கூட்டர் ஓட்டுவது, போட்டோ எடுப்பது, யாரும் கேட்காதபோது கருத்துச் சொல்வது. மூன்றாவதை மட்டும் அவன் ஓவர்டைமிலும் செய்தான்.

காலை பத்து மணிக்கு இருவரும் பதினேழாம் நம்பரின் பின்பக்கம் நின்றார்கள். சுவரில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். ‘கிடங்கு. தற்போதைய நிலையை மாற்றுவது தண்டனைக்குரியது.’

“இருபது நாளா முன்ரூம்ல கட்டிலுக்குப் பக்கத்துல ஸ்டவ் வெச்சி சமைக்கிறேன்” என்றாள் ஜெயம்மா. அறுபத்தைந்து வயது. பள்ளிக்கூடத்தில் இருநூறு பிள்ளைகளுக்குச் சத்துணவு சமைப்பவள். “சர்வேக்காரங்க வந்த அன்னிக்கு நான் ஊர்ல இல்ல. அவங்க பாட்டுக்கு இது வீடே இல்லன்னு எழுதிட்டுப் போய்ட்டாங்க. இன்னிக்கி அஞ்சு மணிதான் கடைசியாம், ஆட்சேபம் குடுக்க.”

விநாயக் நகரத்தின் புதிய நில உபயோக விதிகளை போனில் திறந்து, கோயிலில் படிப்பது போலப் படித்தான். “விதி ரெண்டு, உட்பிரிவு முப்பத்தொண்ணு. ‘வீடு’ என்பது நிலையான அடுப்பு மேடையும், புகை வெளியேற வழியும், குறைந்தது மூன்று பக்கச் சுவரும் உள்ள சமையற்கூடத்துடன், ஆய்வு நாளன்று நிற்கும் கட்டடமாகும். அவ்வாறு அல்லாதது ‘கிடங்கு’.”

“அதாவது?”

“வீடுன்னா ஹக்குப் பத்திரம், நம்ம பேருக்குப் பட்டா. கிடங்குன்னா ஜேசிபி. இந்த இடம் தொழிற்பேட்டை மண்டலத்துல வருதுக்கா. வீடு இருந்தா விட்ருவாங்க. கிடங்கு இருந்தா தள்ளிட்டு ரோடு போட்ருவாங்க.”

ஜெயம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “நாப்பத்தி ரெண்டு வருசமா கிடங்குலயா குடும்பம் நடத்துனேன்? அவர் இருமி இருமிச் செத்தது கிடங்குலயா?”

விதிப்படி ஆம்.

“லேஅவுட் போடற பார்ட்டிங்க வேலைதான் இது” என்றான் விநாயக். “நாலு அடியாளு, ஒரு கடப்பாரை, ஒரு பிரியாணி. முடிஞ்சது கதை.”

அமலா வீட்டைச் சுற்றி வந்தாள். பின்சுவர் ஓரமாக, ஸ்டிக்கருக்குப் பயந்து யாரும் தொடாத செங்கல்கள் அடுக்கியிருந்தன. குறுக்கே ஒரு வரிசை, நெடுக்கே ஒரு வரிசை, மறுபடி குறுக்கே. சுரங்கத்துக்குள் கூரை இறங்காமலிருக்க முட்டுக் கொடுத்து அடுக்குவார்களே, அந்த மாதிரி. ஒரு செங்கல்கூட மூளியாகவில்லை. பக்கத்தில் சாக்கு போட்டு மூடிய ஆறு தகரம். ஒவ்வொன்றின் மூலையிலும் சாக்கட்டியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர். மேலே ஒரு பால்பவுடர் டப்பா. திறந்தாள். உள்ளே கோணல் நிமிர்த்தப்பட்ட ஆணிகள்.

“உன் அடியாளுங்க ரொம்ப நல்லா வளத்த புள்ளைங்கடா” என்றாள்.

விநாயக் ஆணியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். “இடிக்கிறவன் ஆணிய நிமித்துவானா?”

“திருப்பி அடிக்கப் போறவன்தான் நிமித்துவான். திருப்பி மாட்டப் போறவன்தான் நம்பர் போடுவான்.”

அந்த நேரத்தில் பர்னபாஸ் டீ வாங்கிக்கொண்டு வந்தார். பதினெட்டாம் நம்பர். ஜெயம்மாவின் கணவர் தங்கவேலுவோடு தங்கச் சுரங்கக் கம்பெனியில் ஒரே லெவலில் இருபத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவர். ஒரு நாள் பாறை இறங்கி வலது தோளைத் தட்டியதிலிருந்து அந்தக் கை மார்புக்கு மேலே எழும்பாது. மனைவி பியூலா போன பிறகு அவருக்குச் சாப்பாடு பதினேழாம் நம்பரில்தான். பெங்களூர் மகன் கட்டிக்கொடுத்த கான்கிரீட் சமையலறை, கறுப்பு கிரானைட் மேடையோடு, நாலு வருஷமாகத் தீ காணாமல் பளபளவென்று இருந்தது. விதி இரண்டு, உட்பிரிவு முப்பத்தொன்றின்படி அது ஒரு முன்மாதிரி வீடு.

“எவனோ வெளியாளுதாம்மா” என்றார், இடது கையால் டம்ளரை நீட்டி. “நான் ஸ்டேசனுக்குக் கூட கூட்டிட்டுப் போனேன். எழுதிக்கவே இல்ல.”

“அந்த மூணு நாளும் நீங்க இங்கதான இருந்தீங்க? சத்தம் கேக்கலயா?”

“காது மந்தம். டிரில் பிடிச்ச காது.” அவர் டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அமலா ஒரு தகரத்தைத் தூக்கி விநாயக்கிடம் கொடுத்து, வெயிலுக்கு எதிரே பிடிக்கச் சொன்னாள். தகரம் நட்சத்திரம் பூத்த மாதிரி ஆனது. நாலு மூலையிலும் ஆணி ஓட்டைகள், ஒன்றை ஒன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாக.

“ஒரு தடவ அடிச்சா மூலைக்கு ஒரு ஓட்டை. இங்க எண்ணு.”

“ஒம்போது… பத்து… அக்கா, இது தகரமா சல்லடையா?”

அமலா திரும்பினாள். “ஜெயம்மா, இந்தச் சமையலறைய இதுக்கு முன்னாடி எத்தன தடவ பிரிச்சிருக்கீங்க?”

ஜெயம்மா தகரத்தின் ஓட்டைகளைத் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள். இருபது நாளில் அதுதான் முதல் சிரிப்பாக இருக்க வேண்டும், முகம் அதற்குப் பழகாமல் கோணியது.

“அய்யோ, அது கம்பெனி காலத்துலம்மா. கம்பெனி பிளான்ல சமையல்கட்டே கெடையாது. ரூம் ஒண்ணு, வராண்டா ஒண்ணு. பின்னால ஒட்டுனதெல்லாம் அன்-ஆத்தரைஸ்டு. பாத்துட்டா குவார்ட்டர்ஸ்ல பேர் அடிச்சிருவாங்க. இன்ஸ்பெக்‌ஷன்னு நோட்டீஸ் வந்தா போதும், லைனு பூரா காலையில பிரிச்சிருவோம். இன்ஸ்பெக்டரு வந்து, வெறுஞ்சுவத்தப் பாத்து நிப்பாரு. மூக்க உறிஞ்சி, ‘இன்னாமா, கொழம்பு வாசன தூக்குது’ம்பாரு. ஓகேன்னு எழுதிட்டுப் போய்டுவாரு. சாயந்திரம் மறுபடி மாட்டிருவோம். பிரிக்கறப்ப அடுப்பு மேடை மேல சாணி மெழுகி, பூந்தொட்டிய வெச்சி, கரி பிடிச்ச சுவத்துக்கு சுண்ணாம்பு அடிச்சி…”

“வீட்டுக்காரர் ஷிஃப்ட்ல இருந்தா?”

“பக்கத்து வீட்டுக்காரர் பிரிச்சிடுவாரு. கேக்கக்கூட வேணாம். அவங்க இல்லன்னா இவங்க, இவங்க இல்லன்னா…”

அவள் நிறுத்தினாள்.

அடுப்பு மேடை இருந்த இடத்தில் ஒரு செம்பருத்தித் தொட்டி இருந்தது. பின்னால் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. சுண்ணாம்பு மார்பு உயரம்வரை வெள்ளையாக ஏறி, அதற்கு மேல் ஒரு அங்குலம்கூடப் போகாமல் நின்றிருந்தது. மேலே இருபது வருஷத்துக் கரி அப்படியே இருந்தது.

பர்னபாஸ் டீ டம்ளரைத் தரையில் வைத்தார். வைக்கும்போது அது சாய்ந்து கொட்டியது. அவர் எடுக்கவில்லை.

“நோட்டீஸ்ல இன்ஸ்பெக்‌ஷன்னு போட்டிருந்துச்சு” என்றார். “நீ ஊர்ல இல்ல. தங்கவேலு இல்ல. லைன்ல எல்லாரும் கான்கிரீட் போட்டுட்டாங்க, இது ஒண்ணுதான் தகரம். பாத்தான்னா பேர் அடிச்சிருவானேன்னு… எனக்கு கை வேற எட்டல. ரெண்டு நாள் ஆச்சு. அவங்க போனதும் மாட்டிடலாம்னு இருந்தேன். நீ வர்றதுக்குள்ள. உனக்குத் தெரியவே தெரிஞ்சிருக்காது.”

“அப்புறம்?” என்றாள் அமலா.

“ஸ்டிக்கர ஒட்டிட்டாங்க. மாத்துனா ஜெயிலுன்னாங்க. நீ வந்து ரூல்ஸ சொல்லி அழுத. அப்ப எப்டிமா சொல்றது?”

கம்பெனி மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. சமையலறை இருந்தால் வீடு போகும் என்று அது சொல்லிக்கொடுத்திருந்தது. சமையலறை இல்லாவிட்டால் வீடு போகும் என்று இப்போதிருப்பவர்கள் சொல்கிறார்கள். நடுவில் மாறியதைப் பர்னபாஸுக்கு யாரும் நோட்டீஸ் போட்டுச் சொல்லவில்லை.

ஜெயம்மா கோபப்படுவாள் என்று விநாயக் எதிர்பார்த்தான். அவள் அந்த வெள்ளைச் சுவரைத் தொட்டுப் பார்த்து, “ரெண்டு நாளா? இந்தக் கைய வெச்சிக்கினு?” என்றாள். அவ்வளவுதான்.

“கேஸ் முடிஞ்சிதுக்கா” என்றான் விநாயக். “குற்றவாளி கிடைச்சிட்டாரு. போய் உள்ளத உள்ளபடி சொல்லிடலாம்.”

அமலா போனை வாங்கி விதிகளைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். உட்பிரிவு நாற்பத்து நாலில் அவள் விரல் நின்றது. மறுபடி படித்தாள்.

“சொல்ல முடியாது.”

“ஏன்?”

“‘உரிமையாளர் தாமோ, அவர் நலன் கருதிப் பிறரோ சமையற்கூடத்தை அகற்றியிருந்தால், அது கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும்.’ நல்லதுக்குப் பிரிச்சேன்னு சொன்னா வீடு போச்சு. ‘பகைமை காரணமாக மூன்றாம் நபர் அழித்திருந்தால் மறு ஆய்வு கோரலாம்.’ அந்த ஒரு வழிதான்.”

பர்னபாஸ் நிமிர்ந்தார். “பகைன்னு எழுதுனா வீடு நிக்குமா?”

“நிக்கும். ஆனா காகிதம் ஸ்டேஷனுக்குப் போகும். உங்க மேல கேஸ் வரும்.”

“அப்போ ஆட்டோ கூப்புடு” என்றார் பர்னபாஸ்.

நில வகைப்பாட்டு அதிகாரி பிரதாப், தன் அறையில் தன் புத்தகத்தோடு இருந்தார். நூற்றிப் பன்னிரண்டு வரையறைகளையும் அவரே எழுதினாராம். எழுதியவருக்குரிய களைப்பு முகத்தில் இருந்தது. தமிழை அவர் அரசாங்க முத்திரை குத்தியே வெளியே விட்டார்.

“‘ஜன்னல்’ என்பதற்கு மட்டும் ஒன்பது நாட்கள் ஆயின” என்றார். “‘காற்றின் பொருட்டுச் சுவரில் ஏற்படுத்தப்பட்ட சுவரின்மை.’ எத்தனை நுட்பம் பாருங்கள்.”

“பிரமாதம் சார்” என்றான் விநாயக். “கதவு?”

“அதே. ஆனால் மனிதர்களின் பொருட்டு.”

“உங்க வீட்ல அடுப்பு மேடை இருக்கா சார்?”

“உள்ளது. உணவு போனில் வருகிறது. ஆனால் மேடை உள்ளது.” அவர் குரலில் துளி சந்தேகமும் இல்லை. அவர் வசிப்பது வீட்டில்தான், விதிப்படி.

அமலா மனுவை வைத்தாள். மணி மூன்றரை. பதினெட்டு வருஷம் பொய்யைப் பிடித்துச் சம்பளம் வாங்கியவள், இன்று ஆட்டோவில் மடி மேல் வைத்து ஒரு பொய்யை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தாள்.

பிரதாப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். “பகைமை என்கிறீர்கள். வாசல் பதிவேட்டில் மனுதாரரும் எதிரியும் ஒரே ஆட்டோவில் வந்ததாக உள்ளதே?”

“ஷேர் ஆட்டோ சார்” என்றான் விநாயக். “எதிரியும் உக்காரலாம். தலைக்கு இருபது ரூபா.”

பிரதாப் யோசித்து ஒப்புக்கொண்டார். ஷேர் ஆட்டோ அவருடைய வரையறைகளில் இல்லை. “பகைமைக்கான காரணம்? குறிப்பாகக் கூற வேண்டும்.”

எல்லோரும் பர்னபாஸைப் பார்த்தார்கள். அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பகையைத் தேடி நாற்பத்திரண்டு வருஷத்தையும் அவர் துழாவிக்கொண்டிருந்தார். ஒன்றும் கைக்கு அகப்படவில்லை.

“தெரியல சார்” என்றார் கடைசியில்.

“காரணமற்ற பகைமைக்கு விதியில் இடமில்லை.”

“தண்ணி சார்” என்றாள் ஜெயம்மா.

குரல் வெட்டிக்கொண்டு வந்தது. பர்னபாஸ் திரும்பினார்.

“எழுதுங்க. குழாய்த் தண்ணி. எப்ப பாரு எனக்கு முன்னாடி கொடத்த வெச்சிருவான் இந்தாளு. கேட்டா குடிச்சிட்டு வந்து கத்துவான்.”

“நான் எங்கமா குடிச்…”

“நீ பேசாத!” அவள் அவரைப் பார்க்காமலே சொன்னாள். நாற்பத்திரண்டு வருஷமாக அவள் அவரை அழைத்தது ‘அண்ணா, நீங்க’ என்றுதான். “எம் புருஷன் சாவுக்குக்கூட வரல சார் இந்தாளு. பக்கத்து வீடு. எட்டிப் பாக்கல. அப்படிப்பட்ட ஆளு.”

தங்கவேலுவின் கடைசி எட்டு நாள், ராத்திரி முழுக்க அவரை நெஞ்சோடு சாய்த்து உட்காரவைத்துப் பிடித்திருந்தது யார் என்பது பாலகாட் லைன் முழுக்கத் தெரியும். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று, அந்த ஒற்றைக் கையால்.

பிரதாப் பேனாவை எடுத்தார். “இது உண்மையா?”

அமலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். விநாயக் முதன்முறையாகத் தன் மூன்றாவது வேலையைச் செய்யாமல் இருந்தான்.

“உண்மை சார்” என்றார் பர்னபாஸ். “போகல.”

“காரணம் திருப்திகரமாக உள்ளது” என்று பிரதாப் எழுதினார். கையெழுத்து வாங்கினார். ஜெயம்மா போட்டாள், பேனா காகிதத்தைக் கிழிக்கிற அழுத்தத்தில். பர்னபாஸ் இடது கையால் போட்டார். பச்சை மை முத்திரை விழுந்தது.

“ஆறு மாதத்தில் மறு ஆய்வு. அதுவரை இடிக்கப்படமாட்டாது; சமையற்கூடத்தை மீண்டும் எழுப்பலாம். மனுவின் நகல் காவல் நிலையம் செல்லும். ஒரு விஷயம்.” புத்தகத்தைப் புரட்டினார். “‘பகைமை’ என்பது, தொடர்ச்சியான பேச்சுவார்த்தையின்மை. கொடுக்கல் வாங்கல், உணவுப் பரிமாற்றம், ஒருவர் வீட்டுக்கு மற்றவர் செல்லுதல் ஆகியவை காணப்படின் பகைமை இல்லை எனக் கொள்ளப்படும். எங்கள் ஆள் அவ்வப்போது வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். எச்சரிக்கையாக இருங்கள்.”

சொல்லிவிட்டு அவர் கனிவாகப் புன்னகைத்தார். உதவி செய்ததாகவே நினைத்தார். ஒரு வகையில் செய்துமிருந்தார்.

வெளியே வந்தபோது மணி நாலே முக்கால். படிக்கட்டின் இந்த ஓரம் ஜெயம்மா, அந்த ஓரம் பர்னபாஸ். இடையே பத்தடி. வாசல் காவலாளி பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெயம்மா விநாயக்கிடம் பேசினாள். சத்தமாக.

“தம்பி, ஒருத்தரோட சக்கர மாத்திரை எங்க ஷெல்ஃப்ல இருக்குது. செவப்பு மூடி டப்பா. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னாடி. நீ வந்து எடுத்துட்டுப் போய் குடுத்துரு.”

“சரிம்மா.”

“ஓட்டல்ல சாப்புட்டா பொரிச்சதத் தொடக் கூடாதுன்னு சொல்லு. யாருக்கோ சொல்றேன். எனக்கு இன்னா.”

பர்னபாஸ் சாலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கேட்டது என்பதற்கு அடையாளமாகத் தலை ஒருமுறை அசைந்தது. டிரில் பிடித்த காது, பத்தடி தூரத்திலிருந்து ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தது.

ஆட்டோ வந்தது. ஜெயம்மா மட்டும் ஏறினாள். உட்காரும்போது வழக்கப்படி ஓரமாக நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். பிறகு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டாள். ஆட்டோ கிளம்பிப் போய் வளைவில் மறைந்தது.

“நான் ஸ்கூட்டர்ல விட்றேன் தாத்தா” என்றான் விநாயக்.

“வேணாம்பா. நீங்க அவங்க பக்கத்து ஆளு. பாத்தா தப்பா நெனைப்பாங்க.”

பத்து நிமிஷம் கழித்து இன்னொரு ஆட்டோ நின்றது. டிரைவர் தலையை நீட்டி அவரை அடையாளம் கண்டுகொண்டான்.

“பாலகாட்தான பெரியவரே? இப்பத்தான் ஜெயம்மா அத்தை போறத பாத்தேன். கூடவே ஏறியிருக்கலாமே?”

பர்னபாஸ் இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார். காவலாளிக்குக் கேட்கும்படியாக, கொஞ்சம் உரக்கவே சொன்னார்:

“அந்தம்மாவுக்கும் எனக்கும் பேச்சு கெடையாது.”